சின்னக் கேபினட்டில் கம்ப்யூட்டர்: முதலில் உயரத்தைப் பாருங்கள்

மேசைக்கு அடியில் பாதி இடத்தைப் பிடித்துக் கொள்ளும் டவர் கேபினட் வேண்டாம், புத்தகம் போல ஓரமாக இருந்தால் போதும் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் பலர் நினைக்கின்றனர். அப்படி ஒன்றை நாமே அசெம்பிள் செய்திடலாம். ஆனால், பெரிய கேபினட்டிற்குப் பாகங்கள் வாங்கும் வரிசை இதற்கு உதவாது. அங்கே பிராசசரில் தொடங்கி கேபினட்டில் முடிப்போம். இங்கே கேபினட்டில் தொடங்க வேண்டும்.

மிகச் சிறிய கேபினட்களில் பொருந்துவது மினி ஐ.டி.எக்ஸ். மதர்போர்டு. வியா நிறுவனம் 2001ல் கொண்டு வந்த அளவு இது. நீளம் 17 செ.மீ., அகலமும் 17 செ.மீ. பெரும்பாலானவற்றில் ராம் பொருத்த இரண்டு இடங்களும், கூடுதல் கார்டு போட ஒரே ஒரு ஸ்லாட்டும்தான் இருக்கும்.

என் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது இப்படி ஒரு கம்ப்யூட்டர் அமைத்துத் தந்தேன். அவள் படிப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை; மே மாதத்தில் அடுப்படி போல இருக்கும். பணம் அக்கா எடுத்த சீட்டுப் பணம். ஒரு பாகம் பொருந்தாமல் போனாலும் மறுபடி வாங்க வழியில்லை. எனவே கடைக்குப் போகும் முன் எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டேன்.

அதில் முக்கியமானது கூலரின் உயரம். நான் தேர்ந்தெடுத்த கேபினட்டில் 47 மி.மீ. வரைதான் இடம். ரைசன் 5 5600ஜி பிராசசருடன் பெட்டியிலேயே வரும் கூலரின் உயரம் சுமார் 54 மி.மீ. அதைப் போட்டால் மூடி மூடாது. ரிச்சி தெருக் கடைக்காரர் "எல்லாம் போகும் சார்" என்றார். ஸ்கேலை வைத்துக் காட்டியதும் சிரித்துவிட்டு, 37 மி.மீ. உயரமுள்ள கூலரை எடுத்துத் தந்தார். மீதம் 10 மி.மீ. இடைவெளி. அது வீண் இடம் அல்ல. மேல் மூடியில் உள்ள துளைகள் வழியே ஃபேன் காற்றை இழுக்க அது வேண்டும். ராம் வாங்கும்போதும் மேலே உயரமான உலோகத் தகடு இல்லாததாகப் பாருங்கள்.

பிராசசர் பெயரின் கடைசியில் உள்ள "ஜி" என்ற எழுத்தையும் கவனிக்கவும். 5600ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. வெறும் 5600-ல் இல்லை. தனி கார்டு வாங்க வேண்டும், அதற்கு இந்தக் கேபினட்டில் இடமில்லை. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ், ராம் நினைவகத்தையே பயன்படுத்துகிறது. ஆகவே 16 ஜி.பி. ஒன்றைவிட 8 ஜி.பி. இரண்டு போடுவது நல்லது.

பொருத்தும்போது வரிசை முக்கியம். பல மினி ஐ.டி.எக்ஸ். போர்டுகளில் எம்.2 எஸ்.எஸ்.டி. பொருத்தும் ஸ்லாட் போர்டின் அடிப்பக்கம் இருக்கும். போர்டைத் திருகிய பின் இது நினைவுக்கு வந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். எனவே பிராசசர், கூலர், ராம், எஸ்.எஸ்.டி. நான்கையும் வெளியிலேயே மாட்டி, பிறகு போர்டை உள்ளே இறக்குங்கள். பவர் பட்டன் வயர்களும் சிறிய கேபினட்டில் சோதனைதான். விரல் போகாது, ட்வீசர் வைத்துக் கொள்ளுங்கள்.

பவர் சப்ளை விஷயத்தில் நம் வீடுகளுக்கென ஓர் எச்சரிக்கை. எர்த் இல்லாத இணைப்பில் எஸ்.எம்.பி.எஸ். உள்ள உலோகக் கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று லேசாக ஷாக் அடிக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர் பகுதியில் கசியும் மின்சாரம் போக வழி இல்லாததே காரணம். மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக மாற்றும் அடாப்டரைப் போடாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரி செய்திடுங்கள்.

விண்டோஸ் பதிந்தவுடன் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். மூடியை மூடி, பகல் இரண்டு மணிக்கு, அதே அறையில், பிராசசருக்கு முழு வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட விட்டேன். வெப்பம் 84 டிகிரி வந்தது. இந்தப் பிராசசரின் உச்ச வரம்பு 95 டிகிரி என்பதால் ஆபத்தில்லை. ஆனால் ஃபேன் இரைச்சலில் படிக்க முடியாது. பல மதர்போர்டுகளின் பயாஸில், 65 வாட் பிராசசரை 45 வாட் அளவில் இயங்க வைக்கும் வசதி உண்டு. அதை மாற்றியதும் 72-க்கு இறங்கியது. வேகம் கொஞ்சம் குறையும். புரோகிராம் எழுதவும் வீடியோ பாடம் பார்க்கவும் அது தெரியவே தெரியாது.

பின்னாளில் கேம்ஸ் விளையாட பெரிய கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் இவ்வளவு சிறிய கேபினட் வேண்டாம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு கொள்ளும் நடுத்தரக் கேபினட்டை வாங்கிக் கொள்ளுங்கள். அதிலும் கார்டின் நீளத்தைக் கேட்டுக் கொண்டு வாங்குங்கள்.