முன்பின் அறியாத நகரில்

சிறு தொகையுடன் தனியே கொல்கத்தாவுக்கு வருபவர் பலர் ஹௌரா நிலையத்தில் இறங்குவர். தோளில் சுமையுடன் அறை தேடினால், களைப்பு மிகுதியால் முதலில் கேட்ட வாடகைக்கே இசைந்துவிட நேரும். ஆகவே, சுமையை நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் ஒப்படைப்பதே முதல் வேலை. அங்கே பயணச்சீட்டைக் காட்ட வேண்டும். பையும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். சிறு பூட்டு ஒன்று பெருந்துணையாகும்!

நிலையத்தின் எதிரே ஊக்ளி ஆறு ஓடுகிறது. வாடகை வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு அழைப்பர். அவர்களைக் கடந்து படகுத்துறைக்கு நடந்தால், சில ரூபாயில் அக்கரை சேரலாம். 2024 முதல் ஆற்றின் அடியிலும் மெட்ரோ வண்டி செல்கிறது. எனினும் முதல் நாளுக்குப் படகே சிறந்தது, 1943இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலமும் இரு கரைகளும் ஒருசேரத் தெரியும், திசையும் விளங்கும். அக்கரையில், சதர் தெருவில் எளிய விடுதிகள் உள்ளன. அறையைப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தல் நன்று.

வங்கமொழியில் ‘கொதாய்’ என்றால் எங்கே. ‘கொதோ’ என்றால் எவ்வளவு. உடன் ‘தாதா’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். தாதா என்பவர் இங்கே அண்ணன். நம் திரைப்படங்களில் வரும் முரடர் அல்லர்! லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர் நெடுங்காலமாக வாழ்கின்றனர், இட்டலியும் கிடைக்கும். ஆயினும், முதற்பசிக்குத் தெருவோரத்து லூச்சியும் உருளைக்கிழங்குக் கறியுமே போதும்.

பயிற்சி

1. சுமையுடன் அறை தேடுவதால் நேரும் இழப்பு யாது?
2. நீங்கள் வாழும் நகரின் மொழியில் ‘எங்கே’, ‘எவ்வளவு’, ‘அண்ணா’ ஆகியவற்றுக்குரிய சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுக.