இரண்டு பெட்டியும் ஒரு வீடும்

கிளிநொச்சி

அன்பின் பெறாமகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். அம்மாவை ரொறன்ரோவுக்குக் கூப்பிடுகிற அலுவல் சரிவந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோசம். விமானத்தில் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் 23 கிலோ. அதற்குள் அடங்காத சாமான் முழுவதையும் நீ இங்கே வந்து ஒரு கிழமைக்குள் ஒதுக்கி முடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். யப்பானியப் பெண்மணி மரி கொண்டோவின் முறையையும் விளக்கியிருந்தாய். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், மனதுக்கு மகிழ்ச்சி தந்தால் வைத்திருக்க வேண்டும், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். தேவைக்கு மேல் வாங்கிக் குவித்த வீடுகளுக்கு அது நல்ல முறைதான். அம்மாவின் வீட்டுக்கு அது பொருந்தாது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஏ9 பாதை 2006 ஆவணியில் பூட்டப்படுவதற்கு முன்பே உன்னை மாமாவோடு கொழும்புக்கு அனுப்பிவிட்டோம். நீ சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு நடந்தவை உனக்குக் கேள்விப்பட்டவை மட்டுமே. அம்மா உனக்குச் சாவுகளைப் பற்றிச் சொல்லியிருப்பாள். சாமான்களைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாள். உயிர்கள் போன இடத்தில் அலுமாரியைப் பற்றி வாய் திறக்க இங்கே எல்லோருக்கும் கூச்சம்.

2008 புரட்டாதியில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. சனம் கிழக்கே நகரத் தொடங்கியது. முதல் நகர்வில் வீட்டையே கழற்றிக்கொண்டு போனோம். கூரைத் தகரம், கதவு, நிலை, யன்னல், நீர் இறைக்கும் மெசின், தையல் மெசின், நெல்மூட்டை, கோழிக்கூடு எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின. தருமபுரத்தில் இறக்கி ஒரு கொட்டில் போட்டோம். 2009 தை 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. தருமபுரத்திலும் இருக்க முடியவில்லை. விசுவமட்டில் தகரங்களை விட்டோம். உடையார்கட்டில் அலுமாரியையும் நெல்லையும் விட்டோம். டீசல் கிடைக்காமல் போனதும் உழவு இயந்திரமே நின்ற இடத்தில் நின்றது. சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை என்று ஒவ்வோர் ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பங்கருக்கு மண்மூட்டை கட்டச் சாக்கு இல்லாமல் அம்மா தன் கூறைச்சேலையைக் கிழித்துத் தைத்தாள். அவள் மட்டுமல்ல, கடற்கரை மணலில் பட்டுச்சேலையில் தைத்த மண்மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. வைகாசியில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது அவள் கையில் இருந்தது ஓர் உரப்பை. அதற்குள் பத்திரங்களும் சில படங்களும் உன் அண்ணாவின் ஒரு சேட்டும்.

அது முதல் தடவையும் அல்ல. 1996இல் 'சத்ஜெய' இராணுவ நடவடிக்கையின்போதும் வீட்டை அப்படியே விட்டுவிட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று அலைந்தவள்தான் அவள். திரும்பி வந்தபோது சுவர்கூட இல்லை. மெனிக்பாம் முகாமிலிருந்து வந்து மீளக் குடியேறியபோதும் அதே கதை. இரண்டு தடவையும் வளவில் மிஞ்சிக் கிடந்தது அம்மி மட்டும்.

ஆகவே பிள்ளை, சாமானை விடுவது எப்படி என்று அவளுக்கு நீயோ நானோ படிப்பிக்க வேண்டியதில்லை. அவள் அறியாதது இன்னொன்று. தான் விட்ட ஒரு பொருள்கூட யாருடைய கைக்குப் போனது என்று அவளுக்குத் தெரியாது. சண்டை முடிந்த பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் சைக்கிள்களும் மோட்டார்சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் மலைபோலக் குவிந்து துருப்பிடித்துக் கிடந்தன. அதற்குள் எங்கள் சைக்கிளும் கிடந்திருக்கும். இந்த முறையாவது ஒவ்வொரு சாமானும் அவளுக்குத் தெரிந்த ஒரு கைக்குப் போக வேண்டும், அவளே கொடுக்க வேண்டும். உன்னிடம் நான் கேட்பது இதைத்தான். ஒரு கிழமை போதாது என்று சொல்வதும் இதனால்தான்.

குசினியில் தொடங்காதே. அங்கே வெறும் அங்கர் பால்மா ரின்கள் அடுக்கியிருக்கும். கழுவிக் காயவைத்த பொலித்தீன் பைகள், துண்டுக் கயிறுகள், எரிந்து முடிந்த மெழுகுதிரியின் அடிக்கட்டைகள் இருக்கும். கோடிக்குள் ஒரு பழைய தறப்பாள் மடித்துக் கிடக்கும். உன் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரியலாம். அந்தச் சொல்லை அவளுக்கு முன்னால் சொல்லிவிடாதே. சண்டைக் காலத்தில் மாத்தளனில் ஒரு மூடியுள்ள ரின் இருந்தவர்களின் அரிசி நனையவில்லை. தறப்பாள் இருந்தவர்களின் பிள்ளைகள் மழையில் கிடக்கவில்லை. அவள் சேர்த்து வைத்திருப்பது அடுத்த இடப்பெயர்வுக்கான ஆயத்தம். அவற்றைக் கடைசி நாள்வரை அப்படியே விட்டுவிடு. புறப்படும் நாள் நெருங்கி, இனி ஓட வேண்டியதில்லை என்று அவள் மனம் நம்பினால் தானே எடுத்துப் போடுவாள். நம்பாவிட்டால் நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

பத்திரங்களோடு தொடங்கு. வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கறுப்புப் பை தொங்கும். இந்த ஊரில் அநேகமான வீடுகளில் அப்படியொரு பை உண்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், குடும்ப அட்டை, முகாமில் பதிந்த துண்டுகள் அதற்குள் இருக்கும். எந்தத் துண்டையும் பழையது என்று கழிக்காதே. காணி விசயத்தில் மிகக் கவனமாக இரு. எங்கள் வளவு உறுதிக் காணி அல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தாத்தாவுக்குக் கொடுபட்டு, பின் அம்மாவின் பெயருக்கு மாறிய அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்கவோ கைமாற்றவோ முடியாது. வீட்டை விற்றுவிடலாம் என்று அங்கே யாராவது ஆலோசனை சொன்னால் காதில் போடாதே. அம்மா நாட்டில் இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளரின் பெயர் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இது பிந்தினால் பிறகு உனக்குத்தான் அலைச்சல்.

பழைய புத்தகங்கள், பாடசாலை மலர்கள், தாத்தாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர், இவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட விடாதே. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வருடி இணையத்தில் சேர்த்து வருகிறது. நினைவு மலர்களையும் அவர்கள் எடுக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இனத்துக்கு ஒரு நினைவு மலரும் சின்னப் பொருள் அல்ல.

இனிச் சாமான்கள். தையல் மெசினை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும், நீ கேட்டால் போதும். பின் ஒழுங்கையில் தையல் பழகுகிற பிள்ளை ஒன்று இருக்கிறது. கறவை மாடு தாய் போல, அறிந்த பட்டிக்குத்தான் போக வேண்டும், விலை கூடத் தருகிறவருக்கு அல்ல. பொங்கலுக்கு எடுக்கிற பெரிய கிடாரம் கோயிலுக்கு. இறைப்பு மெசின், மண்வெட்டி, அலவாங்கு எல்லாம் பக்கத்து வளவுக்கு, அவர்கள்தான் கிணற்றையும் தென்னைகளையும் பார்க்கப்போகிறவர்கள். பழைய இரும்புக்காரர் லொறியோடு வந்து மொத்தமாக விலை பேசுவார். கை கழுவிவிட்ட மாதிரி இருக்கும், காசும் வரும். வேண்டாம். ஒருமுறை மொத்தமாகப் போனது அவளுக்குப் போதும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, இது எங்கே வாங்கியது, எப்படிப் பாவிப்பது என்று அவள் சொல்லிக் கொடுக்க விடு. சுவீடன் நாட்டு மார்கரெத்தா மாக்னூசன் என்ற அம்மையார் 2017இல் எழுதிய நூலிலும் இதுதான் இருக்கிறது: முதியவர்கள் தங்கள் சாமான்களைத் தாங்களே, உயிரோடு இருக்கும்போதே, ஆறுதலாகப் பங்கிட வேண்டும். நூல் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றால் அதைப் பார்.

ஒவ்வொரு சாமானையும் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடு. அதைவிட நல்லது, வீட்டை வரையச் சொல். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2004இல் யாழ். பொது நூலகத்தில் ஒரு காட்சி வைத்தார். சனங்களிடம் வாங்கிய சாதாரண வீட்டுப் பொருள்களைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டு அடுக்கியிருந்தார். பிறகு 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' (The Incomplete Thombu) என்ற பெயரில் ஒரு நூல் செய்தார். இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீடுகளின் வரைபடத்தை நினைவிலிருந்து தங்கள் கையாலேயே வரைந்து கொடுத்தார்கள். படிக்காத மனிதரும் கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று கோடு போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து 2008 வரை இருந்த பழைய வீட்டை வரையச் சொல்லு. இந்த இந்திய வீட்டுத்திட்ட வீடு, ஐந்தரை இலட்சத்தோடு தன் தோட்டையும் விற்றுப் போட்டுக் கட்டியது, இதையும் வரையட்டும். கொப்பிக்கு நிறை இல்லை.

இனி நான் எழுதப் பயப்படுகிற இடம். காணாமற்போன அண்ணாவின் பெட்டி.

அதற்குள் இருக்கிற அந்தச் சேட்டைக் கையில் எடுத்தால் அவளுக்கு மகிழ்ச்சி வராது. 2009இலிருந்து இத்தனை வருசமாக வந்ததில்லை. ஆனாலும் வருசம் ஒருமுறை வெயிலில் காயப்போட்டு மடிக்கிறாள். 2014இல் காணாமற்போனோரை விசாரித்த பரணகம ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்வு நடத்தியபோது படத்தோடு போய்ச் சாட்சி சொன்னாள். 2017 மாசி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டக் கொட்டிலில் போய் இருந்தாள். பின்னர் காணாமற்போனோர் அலுவலகம் வந்தது. அங்கும் எழுதிக் கொடுத்தாள். கனடாவுக்கு வரத் தயங்குவதற்கு அவள் உனக்குச் சொல்கிற காரணம் குளிர். எனக்குச் சொன்னது வேறு. அவன் வந்தால் எந்த வீட்டுக்கு வருவான், அக்கா? என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

பிள்ளை, அவன் இனி வரமாட்டான் என்று அவளுக்குச் சொல்ல வேண்டாம். வருவான் என்றும் சொல்ல வேண்டாம். அதைத் தீர்மானிக்க உனக்கும் எனக்கும் உரிமை இல்லை, தெரிந்தவர்கள் வாய் திறக்கும்வரை யாருக்கும் இல்லை. பெட்டியை ஒதுக்குகிற சாமான்களின் கணக்கில் சேர்க்காதே. அந்தப் பக்கம் பார்க்காதே. அவள் எடுத்துவர விரும்பினால் 23 கிலோவில் முதல் இடம் அதற்கு. இங்கேயே வைக்க விரும்பினால் என் வீட்டில் வைக்கிறேன், வெயிலில் போடுகிற வேலையையும் செய்கிறேன். எங்கள் படலையில் உன் தொலைபேசி இலக்கத்தை வர்ணத்தால் எழுதி வைப்போம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் யோசிக்கிறாள். ஆணைக்குழுவுக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்த முறைப்பாடுகளின் மூலப்பிரதிகள் அவளோடேயே வர வேண்டும். இங்கே எனக்கு ஒரு நகல் போதும்.

எப்போது வருவது என்று கேட்டாய். மார்கழி விடுமுறையில் வராதே. அப்போது மழை, சனம் வயலுக்குள் நிற்கும். காலபோக அறுவடை முடிந்து, மாசி பிற்பகுதியில் வா. கைகள் ஓய்ந்திருக்கும், கொடுக்கிற சாமானை வாங்கிப்போக ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பங்குனி உத்தரப் பொங்கல் பொங்காமல் அம்மா எந்த விமானத்திலும் ஏறமாட்டாள். அதற்கு ஒரு கிழமை கழித்துப் பயணச்சீட்டைப் போடு. வரும்போது உடுப்பு, சொக்லேற் ஒன்றும் வேண்டாம். தோளில் குறுக்காக மாட்டக்கூடிய, சிப் நல்ல உறுதியான ஒரு பை வாங்கி வா. பத்திரங்களை அவள் பெட்டிக்குள் போட விடமாட்டாள், கையோடுதான் கொண்டுவருவாள்.

அன்புடன்,
பெரியம்மா