பாட்டியின் பாதிக் கதை: கட்டளைவரியில் கோப்பைப் பார்க்க ஒரு பாடம்

இம்மலரில் கதையும் கவிதையும் நிறைய இருக்கும். நான் எழுதுவது ஒரு பாடம். கணினித் துறை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இரண்டு சிறிய கட்டளைகளைத் தட்டிப் பார்க்காததால் என் பாட்டியின் கதை பாதியில் நின்றுபோனது. அது உங்களுக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஆறாம் ஆண்டுவரை கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் பாடமெல்லாம் மலாயும் ஆங்கிலமுமாக மாறின. கணினியைப் பற்றித் தமிழில் எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை. குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளின் பெயரை ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளேன். பெயரின் நடுவில் உள்ள கோடு ஒலிப்புக்காக மட்டுமே. தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்துத் தட்டவும்.

வரிசை எண்ணும் கிளஸ்டரும்

என் இறுதியாண்டு ஆய்வு தோட்டத்துத் தமிழைப் பற்றியது. பால்மரம் வெட்டிய என் பாட்டியைப் பேசவைத்து, நான்கு நிமிட அளவில் 40 ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் எடுத்தேன். அவற்றை எழுத்தாக மாற்ற, ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்னும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். என் பழைய மடிக்கணினி அதை இழுக்கவில்லை. ஆகவே பல்கலைக்கழகத்தின் கிளஸ்டரை நாடினேன்.

கிளஸ்டர் என்பது பல கணினிகளைப் பிணைத்து ஒன்றாக்கிய கூட்டம். நினைத்த நேரத்தில் அதில் வேலையை ஓட்ட முடியாது. அரசாங்கக் கிளினிக்கில் எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதுபோல நம் வேலைக்கும் ஓர் எண் கிடைக்கும். எண் தந்து, முறை வந்ததும் இடம் ஒதுக்கும் மென்பொருளே ஸ்கெடியூலர். உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது ஸ்லர்ம். இது 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் உருவானது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டி.ஐ.சி.சி. கணினி மையமும் ஸ்லர்மைப் பயன்படுத்துகிறது.

எஸ்-பேட்ச் என்னும் கட்டளையால் வேலையை அனுப்பிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். வேலை எங்கோ வேறொரு கணினியில் நடக்கும். திரையில் தெரியவேண்டிய செய்திகளெல்லாம் ஒரு பதிவுக் கோப்பில் எழுதப்படும். நாம் வேறு பெயர் தராவிட்டால், வேலையை அனுப்பிய அதே கோப்புறையில், ‘ஸ்லர்ம்’ என்ற சொல்லும் வேலை எண்ணும் கொண்ட பெயரில் அக்கோப்பு இருக்கும். வேலை நடக்கும்போது நாம் அருகில் இல்லை. அந்தக் கோப்புதான் நமக்குச் சாட்சி.

கிள்ளானில் நடந்தது

ஒரு வெள்ளிக்கிழமை வேலையை அனுப்பினேன். மறுநாள் பார்த்தால் ‘கம்ப்ளீட்டட்’ என்றிருந்தது. 40 எழுத்துக் கோப்புகளும் வந்திருந்தன. ஒன்றையும் திறந்து பார்க்காமல் அப்படியே இறக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் பாட்டியின் அருகில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அவருக்கு வயது 79. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவர். தம் பேச்சை எழுத்தில் கேட்டதும் முகம் மலர்ந்தது. சற்று நேரத்தில் கேட்டார்:

“என்னாடா, அதோட நிப்பாட்டிட்ட? பள்ளிக்கூடத்தெ விட்டு நிறுத்துனதெ சொன்னேனே, அது எங்க?”

அடுத்த கோப்பும் பாதியில் நின்றது. அதற்கடுத்ததும் அப்படியே. பாட்டி ஒன்றும் சொல்லாமல் சாமி அறைக்குப் போய்விட்டார். தாம் சொன்னதில் பாதியை நானே வேண்டாமென்று வெட்டிவிட்டதாக அவர் நினைத்தார்.

திங்கட்கிழமை மாலை, பிரிக்பீல்ட்ஸில் தங்கியிருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்து அக்காவைப் பார்க்கப் போனேன். தே தாரேக் கடையில் மடிக்கணினியைத் திறந்து, விஸ்பருக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்று குறைப்பட்டேன். அக்கா கேட்டது ஒன்றுதான்:

“எல்-எஸ் போட்டுப் பாத்தியா தம்பி?”

பார்க்கும் முறை

அக்கா அன்று செய்து காட்டியதை வரிசையாகத் தருகிறேன்.

1. வேலையின் நிலை. எஸ்-கியூ என்னும் கட்டளை, காத்திருக்கும் வேலைகளையும் ஓடும் வேலைகளையும் காட்டும். முடிந்த வேலைக்கு எஸ்-ஏ-சி-சி-டி. ‘கம்ப்ளீட்டட்’ என்றால், நிரல் பிழைக்குறி இல்லாமல் முடிந்தது என்பது மட்டுமே பொருள். விடை சரியா என்பது ஸ்கெடியூலருக்குத் தெரியாது.

2. கோப்பின் அளவு. எல்-எஸ், ஓர் இடைவெளி, பிறகு கழித்தல் குறியும் எல் எழுத்தும். கோப்புகளின் பெயரோடு அளவும் தேதியும் வரும். என் 40 கோப்புகளில் 38 கோப்புகளின் அளவு ஒன்றே: 4096 பைட். மனிதப் பேச்சு 38 முறை ஒரே அளவில் முடியுமா? கோப்பைத் திறக்காமலே குற்றம் தெரிந்துவிட்டது.

3. தலையும் வாலும். ஹெட் முதல் பத்து வரிகளையும் டெயில் கடைசிப் பத்து வரிகளையும் காட்டும். டெயிலில் பார்த்தபோது பல கோப்புகளின் கடைசி எழுத்து சிதைந்து கேள்விக்குறியாகத் தெரிந்தது. எழுத்தின் நடுவிலேயே கத்தரி விழுந்திருக்கிறது. டெயிலுடன் கழித்தல் குறியும் எஃப் எழுத்தும் சேர்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் பதிவு வளர வளரப் பார்க்கலாம். கண்ட்ரோல் விசையையும் சி-யையும் அழுத்தி வெளியேறலாம். பார்ப்பது மட்டும்தான் நிற்கும், வேலை நிற்காது.

4. பக்கம் பக்கமாகப் படித்தல். பெரிய கோப்புக்கு லெஸ். இடைவெளி விசையில் அடுத்த பக்கம் வரும், கியூ எழுத்தில் வெளியேறலாம். தமிழுக்குப் பதில் கோண அடைப்புக்குள் புரியாத குறிகள் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் கோப்பு கெட்டிருக்காது, திரையின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்காது.

5. தேடுதல். கிரெப் ஒரு சொல் உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தரும். கழித்தல் குறியும் சி எழுத்தும் சேர்த்தால் எத்தனை வரி என்று எண்ணும். ‘கத்தரிக்கப்பட்டது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பதிவுக் கோப்பில் தேடினோம். விடை 38. நிரல் 38 முறை என்னை எச்சரித்திருக்கிறது. நான் ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

பதிவுக் கோப்பு எங்கே என்று தெரியாவிட்டால், வேலை ஓடும்போதே எஸ்-கண்ட்ரோல் கட்டளையில் ‘ஷோ ஜாப்’ என்று எழுதி, வேலை எண்ணையும் தந்து கேளுங்கள். கோப்பின் முழு முகவரியும் வரும்.

ஏன் 4096?

குற்றம் விஸ்பருடையது அன்று, என்னுடையது. விடையைக் கோப்பில் எழுதும் பகுதியை, ஆங்கில உரைக்கென எழுதிய ஒரு நிரலிலிருந்து இரவல் வாங்கியிருந்தேன். கோப்புக்கு 4096 பைட் போதும் என்று அதில் வரம்பு இருந்தது. நான்கு நிமிட ஆங்கிலப் பேச்சுக்கு அது பெரும்பாலும் போதும்.

தமிழுக்குக் கணக்கு வேறு. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். நீங்களே சோதிக்கலாம்: டபிள்யூ-சி கட்டளையில் கழித்தல் சி பைட்டை எண்ணும், கழித்தல் எம் குறிகளை எண்ணும். வரி முடிவுக்கும் ஒன்று கூடும் என்பதால் 16-உம் 6-உம் வரும். இவ்வாறு 4096 பைட்டில் ஏறக்குறைய 1,400 குறிகளே அடங்கும். பாட்டியின் பேச்சில் அது பாதிதான்.

தமிழை இப்படி எண்ணிப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில் நடந்தது. அக்காலத்தில் புழங்கிய திஸ்கி குறியீட்டில் ஒவ்வொரு குறிக்கும் ஒரே பைட். பழைய கோப்புகளை வைத்திருக்கும் மூத்த உறுப்பினர்கள் இதை நினைவில் கொள்க. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினால் அளவு பெருகும். வரம்பு வைத்த நிரல் அங்கும் கத்தரிக்கும்.

மீண்டும் கிள்ளானில்

வரம்பை எடுத்துவிட்டேன். இம்முறை 40 பதிவுகளையும் ஒன்றாக அனுப்பாமல் முதலில் ஒன்றை மட்டும் அனுப்பி, அளவையும் வாலையும் பார்த்தேன். சரியாக இருந்தது. மற்றவற்றையும் அனுப்பினேன். முடிந்ததும் எல்-எஸ் போட்டால் 40 கோப்புகளும் 40 அளவில் இருந்தன.

அடுத்த ஞாயிறு பாட்டியிடம் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தம்மைப் பள்ளியை விட்டு நிறுத்தியது முழுமையாக வந்திருந்தது. விஸ்பர் பல சொற்களைத் தப்பாக எழுதியிருந்தது. பாட்டி ஒவ்வொன்றாகத் திருத்தினார், நான் குறித்துக்கொண்டேன். இன்னும் 31 பதிவுகள் திருத்த வேண்டும்.

தம்பி தங்கைகளே, கறுப்புத் திரையைக் கண்டு அஞ்சாதீர்கள். வேலை முடிந்தது என்று திரை சொன்னாலும், கோப்பைத் திறந்து கடைசி வரிவரை படித்த பிறகே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரலை எழுத்தாக்க விரும்பினால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து செய்வோம்.