வாசிப்பு வானவில்

விரும்பிப் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சி நின்றுபோனால் யாது செய்யலாம்? அமெரிக்காவில் நடந்ததொன்றை நாம் இங்கு நோக்குவோம்.

1983ஆம் ஆண்டு அந்நாட்டுப் பொது ஒளிபரப்பான பி.பி.எஸ்.இல் 'றீடிங் றெயின்போ' எனும் சிறுவர் நிகழ்ச்சி தொடங்கிற்று. நடத்தியவர் நடிகர் லெவார் பேட்டன். ஒவ்வொரு முறையும் ஒரு படக்கதை நூல் வாசிக்கப்படும்; இறுதியில் சிறுவர்களே தமக்குப் பிடித்த நூல்களைப் பற்றிப் பேசுவர். (எமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.)

2006இல் தயாரிப்பு நின்றது. 2009இல் மறு ஒளிபரப்பும் ஓய்ந்தது. உரிமத்தைப் புதுப்பிக்கப் பணம் தருவாரில்லை. எழுத்தையும் ஒலியையும் கற்பிக்கும் நிகழ்ச்சிகளையே நிதி நாடிச் சென்றது. எப்படி வாசிப்பது என்பது போதும், ஏன் வாசிப்பது என்பது வேண்டாம் எனக் கருதினர் போலும்! வாரத்தில் சில மணித்தியாலங்களே கிடைக்கும் எமது வகுப்புகளிலும், எழுத்தா கதையா என்னும் இக்கேள்வி எழாத நாளில்லை என்பதைப் பெற்றோர் அறிவர்.

2014 மே மாதம் பேட்டன் பொதுமக்களிடம் பத்து இலட்சம் டொலர் கேட்டார். ஒரே நாளுக்குள் அது சேர்ந்துவிட்டது! அந்நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தோர் இப்போது உழைப்பாளிகள் அல்லவா? 35 நாள்களில் 1,05,000 பேருக்கு மேல் கொடுத்த தொகை 54 இலட்சம் டொலர். ஆயினும் அதனாற் கிடைத்தது பழைய நிகழ்ச்சியன்று. கணினி வழி வாசிக்கும் நூலகமே. வறிய பிள்ளைகள் பயிலும் வகுப்புகளுக்கு அதனை இலவசமாக வழங்குவதும் திட்டத்தில் இருந்தது.

நிகழ்ச்சி மீண்டது 2025இல், யூரியூப்பில். இம்முறை நடத்த வந்தவர் நடிகரல்லர், ஒரு நூலகர்.