கல்விக் கடனும் நம் ஊரும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலிருந்து பேருந்தேறி மதுரைக்குப் படிக்க வரும் பிள்ளைகளின் வீடுகள் பலவற்றில் படிப்புக்காக வாங்கிய கடன் உண்டு. நகையை அடகு வைத்து வாங்கியதாக இருக்கலாம். அம்மாவின் சுயஉதவிக் குழுவில் எடுத்ததாக இருக்கலாம். வங்கி தந்த கல்விக் கடனாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பற்றியே நாம் இங்கு ஆராயப் புகுகிறோம். இன்னும் இரண்டு ஆண்டுகளில் நம்மில் பலர் அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் அல்லவா?

இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001-ஆம் ஆண்டு வந்தது. 4 லட்சம் ரூபாய் வரை வீடோ நிலமோ பிணையாகக் காட்ட வேண்டியதில்லை. பெற்றோர் உடன் கையொப்பமிட்டால் போதும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டாம். கூலி வேலை செய்வோரின் பிள்ளைக்கும் கல்லூரிக் கதவைத் திறந்த திட்டம் இது என்பதை மறுக்க இயலாது. அதே காலத்தில்தான் தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகள் பெருகி 500-ஐத் தாண்டின. கடனும் கிடைத்தது, இடமும் கிடைத்தது. வேலை மட்டும் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

நாம் வகுப்பில் படித்த தனிவட்டியைக் கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 4 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு என வட்டி ஏறி, தவணை தொடங்கும் நாளில் 1 லட்சத்து 40 ஆயிரம் சேர்ந்துவிடும். ஆக 5 லட்சத்து 40 ஆயிரத்தைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் 7 ஆயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் சென்னையில் அறை எடுத்துத் தங்கும் அண்ணன் எதைக் கட்டுவார், எதை ஊருக்கு அனுப்புவார்?

தவணை நின்றால் சுமை அவரோடு நிற்பதில்லை. உடன் கையொப்பமிட்ட அப்பாவின் பெயரும் நிலுவைக்காரர் பட்டியலில் ஏறும். மாடு வாங்கவோ கடை வைக்கவோ அவர் வங்கிக்குப் போனால் கை விரிப்பார்கள். பிறகு மீட்டர் வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். தங்கையின் படிப்பும் அங்கேயே தட்டிப்போகும். ஒரு தெருவில் நாலு வீடு இப்படியானால் மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டுக்கூடத் தடித்துவிடுகிறது.

பாரத ஸ்டேட் வங்கி தன் நிலுவைக் கல்விக் கடன்களில் ஒரு பகுதியை வசூலுக்காகத் தனியார் நிறுவனம் ஒன்றிற்கு விற்றது. 2016-இல் நம் மதுரையிலேயே, பொறியியல் படித்து வேலை கிடைக்காத இளைஞர் ஒருவர் கடன் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். கடன் கட்டத்தான் வேண்டும். ஆனால் வீட்டு வாசலில் வைத்து மானத்தை வாங்கி வசூலிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. "கட்டிக் கொடுத்தபின் இந்தக் கடனை யார் கட்டுவது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நகை செய்யக் கடன் வாங்கும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை என்பது நமக்கு வியப்பாகவே உள்ளது.

மதுரை மாவட்டத்தில் கல்விக் கடன் முகாம்கள் நடத்தப்பட்டுள்ளன. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி பயின்றால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உள்ளது. மேலே நாம் போட்ட கணக்கில் 1 லட்சத்து 40 ஆயிரம் அப்படியே குறையும்! அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. வட்டி மானியத்துக்கு வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்று வேண்டும். சேரப்போகும் கல்லூரிக்கு நாக் சான்றோ, படிப்புக்கு என்.பி.ஏ. சான்றோ இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன்பே அப்பாவும் மகளும் நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அந்த மானியம் கிடைக்காது.