தொலைமருத்துவம்: உழவர் குடும்பத்துக்கு எதற்கு உதவும், எதற்கு உதவாது

நம்ம ஊர்ப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் மட்டும் போவதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் மகனோ மருமகளோ கூடப் போக வேண்டும். காலைக் கறவையை முடித்து முதல் பஸ்ஸைப் பிடித்து, சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கித் திரும்பும்போது மாடு சாயங்காலக் கறவைக்குக் கத்திக்கொண்டு நிற்கும். இரண்டு பேருடைய ஒரு நாள் வேலை போச்சு. அன்றைக்கு நம்ம முறைத் தண்ணீர் என்றால் அதுவும் போச்சு. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, பெரிய உதவிதான். ஆனால் வெளியூர் பேருந்தில் அது செல்லாது. பஸ், டீ, சாப்பாடு, இரண்டு பேர் கூலி என்று கூட்டிப் பாருங்கள். இலவச வைத்தியத்துக்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். டாக்டர் பேசியது ஐந்து நிமிடம்.

முதல் தடவை என்றால் சரி. "இதே மாத்திரையைத் தொடருங்க" என்ற ஒரு வார்த்தைக்காக மாதாமாதம் இந்தச் செலவு என்றால் எத்தனை பேர் போவார்கள்? அறுப்பு முடியட்டும், மஞ்சள் வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போடுவோம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வலிக்காத நோய்கள். வலி வந்து நாம் கிளம்பும்போது கண்ணோ, சிறுநீரகமோ, காலோ பாதி கெட்டிருக்கும். தொலைமருத்துவத்தின் பெரிய பயன், மூன்றாவது, நான்காவது தடவை போகாமல் விடுகிறோமே, அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

இது ஒன்றும் நேற்று வந்த சங்கதி இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், அப்போலோ நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊரான அரகொண்டாவில் தொடங்கியது. அமெரிக்க அதிபர் கிளின்டன் தொடங்கிவைத்தார். அடுத்து இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகச் சிற்றூர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தது. ஆனால் நாம் பாடம் படிக்க வேண்டிய இடம் இன்னும் பக்கத்தில், மதுரையிலும் தேனியிலும் இருக்கிறது.

அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்துகிறது. இன்று அவை நூற்றுக்கும் மேல். மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகளாக இருக்கும், முறையாகப் பயிற்சி பெற்ற பெண்கள் இருப்பார்கள். அவர்கள் பார்வையை அளப்பார்கள், உருப்பெருக்கும் விளக்குக் கருவியில் கண்ணைச் சோதிப்பார்கள், படம் எடுத்துக் குறிப்போடு அனுப்புவார்கள். மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நோயாளியோடு வீடியோவில் பேசுவார். கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும் என்றால் அங்கேயே முடிந்துவிடும். அறுவை தேவைப்படுகிறவர் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். ஆரம்பத்தில் கிராமத்தில் நல்ல இணைய இணைப்பு ஏது? பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனிப் பக்கம் கோபுரங்களில் ஆன்டெனா கட்டி, நீண்டதூர வைஃபை மூலம் மையங்களை இணைத்துக் கொடுத்தார்கள்.

கவனியுங்கள். இதில் கணினியைவிட, நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்தான் முக்கியம். அவர் சரியாகப் பார்த்துச் சொல்வதால்தான் தூரத்தில் இருக்கும் டாக்டரால் முடிவெடுக்க முடிகிறது.

கண் பற்றிப் பேசும்போது நம்ம தொழிலுக்கே உரிய ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். கரும்புத் தோகையோ நெல் உமியோ கண்ணில் பட்டுக் கீறினால் கருவிழியில் புண் வரும். தென் தமிழகத்தில் இப்படி வரும் புண்களில் பூஞ்சைப் புண் மிக அதிகம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அதை இன்னும் பெரிதாக்கிவிடும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் காயம்பட்ட கண்ணில் விட வேண்டாம். இயற்கை வழிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே பார்வை மையத்துக்கோ கண் மருத்துவரிடமோ போங்கள். நான்கு நாள் தாமதித்தால் பார்வையே போகலாம்.

கண் தவிர மற்றவற்றுக்கு அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. கட்டணம் இல்லை. இதில் இரண்டு வழி. ஒன்று, கொரோனா ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் வந்தது. நம் செல்போனிலேயே எண்ணைப் பதிந்து, வரிசை எண் பெற்று, டாக்டரோடு வீடியோவில் பேசலாம். மருந்துச் சீட்டும் போனுக்கே வந்துவிடும். இன்னொன்று 2019 முதல் இருக்கிறது. துணை சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்குள்ள பணியாளர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, அவரே டாக்டரோடு இணைத்துப் பேசவைப்பார். வயதானவர்களுக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். அளந்து சொல்ல ஆள் இருக்கிறார் அல்லவா?

வங்கியில் இருந்தவன் என்பதால் ஒரு எச்சரிக்கை. பதிவு செய்யும்போது உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதை நீங்களே திரையில் போடுவீர்கள், அது சரி. யாராவது போனில் கூப்பிட்டு, "டாக்டர் பதிவுக்குப் பத்து ரூபாய் அனுப்புங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் உடனே வைத்துவிடுங்கள். இலவச சேவைக்கு வங்கிக் கணக்கு எதற்கு?

டாக்டரோடு பேசும் முன் கொஞ்சம் தயாராக இருக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு ரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளை எழுதி வையுங்கள், பாஸ்புக் மாதிரி. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எதிரே எடுத்து வையுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்றால் எந்த டாக்டருக்கும் புரியாது. நாட்டு மருந்து, கஷாயம் எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கால் புண்ணைக் காட்டுவதென்றால் ட்யூப்லைட் வெளிச்சம் போதாது, வாசல் திண்ணைக்கு வந்து பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். நோயாளியின் பக்கத்தில் மருமகளோ பேத்தியோ இருக்கட்டும். டாக்டர் சொன்னதை அப்பா சரியாகக் கேட்டாரா, வேளை மாறாமல் மாத்திரை போடுகிறாரா என்று பார்க்கப் போவது அவர்கள்தானே? இதுவே குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி. ஆஸ்பத்திரியில் கூட்ட நெரிசலில் காதில் விழாதது, வீட்டுத் திண்ணையில் எல்லோர் காதிலும் விழும்.

2020 மார்ச்சில் மத்திய அரசு இதற்கு விதிமுறை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே ஆலோசனை தரலாம், மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். போதை தரக்கூடிய மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதக் கூடாது. சில மருந்துகளை, நேரில் ஏற்கெனவே பார்த்த நோயாளிக்கு மட்டுமே எழுதலாம். "நேரில் வாங்க" என்று டாக்டர் சொன்னால் அலைக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவோ நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கவோ போனால் முடியாது.

செல்போனை எடுக்கவே கூடாத நேரமும் உண்டு, 108ஐ அழைப்பதற்குத் தவிர. பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாம் விஷம் தெளிப்பதில்லை. ஆனால் பக்கத்து வயலில் தெளித்துவிட்டு வருகிற கூலியாள் வியர்த்து, எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்தால், உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். நெஞ்சை அழுத்தும் வலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, இவற்றுக்கும் அப்படித்தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி சுமார் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. வீடியோ வரிசையில் காத்திருக்க நேரமில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வருகிறது, ஆனால் அளவு சரியா என்று டாக்டர் பார்த்து எத்தனை மாதம் ஆச்சு? அடுத்த கிராம சபையில் இதைக் கேளுங்கள். நம்ம துணை சுகாதார நிலையத்தில் பணியாளர் இடம் நிரம்பியிருக்கிறதா, வாரத்தில் எந்த நாளில் டாக்டரோடு இணைக்கிறார்கள், சிக்னல் எடுக்கிறதா, ரத்த அழுத்தக் கருவி வேலை செய்கிறதா? பதில் வந்தால் நாளையும் நேரத்தையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதிப் போடச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.