நம் தெரு நாயும் நாமும்

நாய் நன்றியுள்ள பிராணி என்று சிறு வகுப்பிலேயே நாம் கற்றுக்கொள்கிறோம். ஆயினும் அது வீட்டில் இருந்தால் மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம். தெருவில் கிடந்தால் கல்லெடுத்து விரட்டுகிறோம். பள்ளிக்கு நடந்து வரும் சிறுமி தெரு நாயைக் கண்டு நடுங்குகிறாள். அதே தெருவில் ஒரு பாட்டி மிஞ்சிய சோற்றை அதற்கு அன்போடு வைக்கிறார். சிறுமியின் அச்சத்திலும் நியாயம் உண்டு. பாட்டியின் இரக்கத்திலும் நியாயம் உண்டு. ஆகவே, மாநகர வாழ்வில் நாய்க்கும் நமக்கும் உள்ள உறவு எத்தகையது, அதில் நம் கடமை யாது என்று சற்றே சிந்திப்போம்.

பழமையான தோழமை

ஆடு, மாடு, கோழி ஆகியவற்றைப் பழக்குவதற்கு முன்பே மனிதன் நாயைப் பழக்கிவிட்டான். ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914-ஆம் ஆண்டு ஒரு பழைய புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களோடு ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தனர். குட்டியின் பற்களை ஆராய்ந்த அறிஞர்கள், அது கொடிய நோயால் வாரக்கணக்கில் துன்புற்றது என்றும், மனிதர் பேணியிராவிட்டால் அத்தனை நாள் பிழைத்திராது என்றும் கூறுகின்றனர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டியையும் அம்மக்கள் கைவிடவில்லை. இத்தோழமை பயன் கருதி மட்டும் வளர்ந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நகரத் தெருவில் நாய்

கிராமத்தில் பட்டியையும் தோட்டத்தையும் காத்த நாய்க்கு நகரத்தில் என்ன வேலை? நாம் எறியும் உணவே அதை இங்கு வாழ வைக்கிறது. உணவகங்களின் எச்சில் இலை, இறைச்சிக் கடையின் கழிவு, மூடாத குப்பைத் தொட்டி ஆகியவையே அதன் சோற்றுப்பானை. வேண்டாமென்று நாம் தெருவில் விடும் குட்டிகளும் அக்கூட்டத்தில் சேர்கின்றன. பெண் நாய் ஒன்பது வாரம் சுமந்து, ஒரே ஈற்றில் பல குட்டிகளை ஈனுகிறது. எனவே தெருவில் நாய்கள் பெருகுவதற்கு நாய்களை மட்டும் குறை கூறுதல் தகாது.

சென்னை காட்டிய வழி

முற்காலத்தில் சென்னை மாநகராட்சியினர் தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தனர். ஆண்டுகள் பல சென்றும் நாய்கள் குறைந்தபாடில்லை. ஏனெனில், ஒரு தெருவின் நாய்களை அகற்றினால், உணவு கிடைக்கும் அவ்விடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்துவிடும். விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959-ஆம் ஆண்டு சென்னையில் புளூ கிராஸ் சங்கத்தைத் தொடங்கினார். நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை அச்சங்கம் 1964-இல் மேற்கொண்டது. பல்லாண்டு முயற்சிக்குப் பின் 1996-இல் மாநகராட்சியும் இம்முறையை ஏற்றது. 2001-ஆம் ஆண்டு நாடு முழுமைக்கும் இதற்கென விதிகள் வகுக்கப்பட்டன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. காது நுனியில் சிறு வெட்டு அடையாளம் உள்ள நாயைக் கண்டால், அதற்கு அறுவை நடந்துள்ளது என்று நாம் அறிந்துகொள்ளலாம்.

அச்சம் பொய்யன்று

இரக்கம் பேசும் நாம் வெறிநோயை மறந்துவிடலாகாது. மனிதருக்கு இந்நோய் வருவது பெரும்பாலும் நாய்க்கடியாலேயே. வெறிநோய் உள்ளதென ஐயுறப்படும் விலங்குகளால் கடியுறுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆனால் தக்க காலத்தில் சிகிச்சை பெற்றால் நோயைத் தடுத்துவிடலாம். 1885-ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் இதற்கான தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டு உலகுக்கு நம்பிக்கையளித்தார். நம் குன்னூரில் 1907-இல் அவர் பெயராலேயே ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றைத் தடவுதல் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறித்த நாள்களில் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது. திட்டுவார்களோ என்று அஞ்சிக் கடியை மறைப்பதே பேராபத்து. பெற்றோரும், "நீ ஏன் அதன் அருகே போனாய்?" என்று கேட்பதற்கு முன் காயத்தைக் கழுவுதல் நன்று.

நம் கடமை

2025-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே இப்பிரச்சினையை ஆராய்ந்தது. தடுப்பூசியும் அறுவையும் முடிந்த நாய்களை அவற்றின் இடத்திலேயே விடலாம் என்றும், வெறிநோயுற்றவற்றையும் தாக்கும் இயல்புள்ளவற்றையும் விடலாகாது என்றும், குறித்த இடங்களில் மட்டுமே உணவிட வேண்டும் என்றும் ஆகஸ்டு 22-இல் ஆணையிட்டது. பள்ளி, மருத்துவமனை முதலிய வளாகங்களிலிருந்து தெரு நாய்களை அகற்றுமாறு நவம்பர் 7-இல் கூறியது.

சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நம் வேலையை நாம் செய்வோம். உறங்கும் நாயையும், உண்ணும் நாயையும், குட்டியோடிருக்கும் தாய் நாயையும் நெருங்காதிருப்போம். நாய் குரைத்து வந்தால் ஓடாமல் அசையாது நிற்போம். மீந்த உணவைத் தெருவில் எறியாதிருப்போம். உணவிடுகிறவர்கள், அந்நாய்க்குத் தடுப்பூசி போட வைப்பதையும் தம் பொறுப்பாகக் கொள்ளட்டும். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஊசி போட்டுவந்தால், அங்கே வெறிநோய் பரவாது என்கின்றனர் வல்லுநர்.

அந்த ஓர் ஊசி நாயின் உயிரைக் காக்கிறது. அதே ஊசி சிறுமியின் உயிரையும் காக்கிறது. அச்சமும் இரக்கமும் பகையல்ல என்பதை உணர்ந்து, இரண்டையும் அறிவோடு இணைத்து வாழ்வோமாக!